நான்கு நாளில் ஐஸ்லாந்தை முடிப்பது எப்படி?

ஐஸ்லாந்துப் பயணத்துக்கு முதல் தேவை ஓர் எக்செல் ஷீட். காலை ஆறு மணியிலிருந்து இரவு பதினொன்று வரை கட்டம் கட்டுங்கள். கட்டத்துக்கு ஓர் அருவி, ஒரு பனியாறு, ஓர் எரிமலை என்று நிரப்புங்கள். அருவிக்கு நீலம், எரிமலைக்குச் சிவப்பு. சாப்பாட்டுக்கு நிறம் வேண்டாம், அதற்கு நேரம் இருக்கப்போவதில்லை. அச்செடுத்து வீட்டில் ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிடுங்கள். கெஃப்லவிக் விமான நிலையத்தின் கதவைத் தாண்டி வெளியே வந்ததும் அடிக்கிற முதல் காற்று அந்தத் தாள்களை வாங்கிக்கொள்ளும்.

எத்தனை நாள் வேண்டும் என்பது அடுத்த கேள்வி. இதை வரைபடத்தைப் பார்த்து மட்டுமே முடிவு செய்யுங்கள். வரைபடத்தில் ஐஸ்லாந்து சின்னதாகத்தான் தெரியும். பரப்பளவு சுமார் 1,03,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைவிடக் குறைவு. மக்கள்தொகை நாலு லட்சத்தைத் தொடவில்லை. அதிலும் பெரும்பகுதி ரெய்க்யவிக்கிலும் அதை ஒட்டிய ஊர்களிலும்தான். எனவே நெரிசல் கிடையாது. தீவைச் சுற்றி வரும் ஒன்றாம் எண் சாலை ஏறத்தாழ 1,320 கிலோமீட்டர். நான்கால் வகுத்தால் நாளைக்கு 330. "சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரே மூச்சில் போகிறவர்கள் நாம்" என்று மனைவியிடம் சொல்லுங்கள். கணக்கு கச்சிதமாக வரும்.

கணக்கில் வராத சில்லறைகள் சில உண்டு. தார்ச்சாலையில் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர், சரளைச் சாலையில் 80. பல ஆறுகளின் மேல் ஒரு வண்டி மட்டுமே போகிற அகலத்தில் பாலம். முதலில் நெருங்கியவர் போக, மற்றவர் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பின் ஸீட்டிலிருந்து யாராவது "நிறுத்துங்க, ஒரே ஒரு போட்டோ" என்பார். இந்த வட்டச் சாலையே 1974-இல்தான் முழுமையடைந்தது. தெற்கே வாட்னயோகுல் பனிப்படலத்திலிருந்து இறங்கும் ஆறுகள் ஸ்கெய்தரார்சாண்டூர் என்ற கருமணல் வெளியில் ஓரிடத்தில் நில்லாமல் தடம் மாறி ஓடும். அங்கே பாலம் கட்டி முடிக்க அவ்வளவு காலம் பிடித்தது. 1996-இல் பனிக்கு அடியில் எரிமலை வெடித்து, உருகிய நீரெல்லாம் ஒரே வீச்சில் பாய்ந்து வந்ததில் அந்தப் பாலமும் சிதைந்தது. முறுக்கிக்கொண்டு கிடந்த இரும்பு உத்தரங்களைச் சாலையோரம் நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள். எக்செல் ஷீட்டில் அதற்கு மூன்று நிமிடம் ஒதுக்கலாம்.

விசா, விமானம் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடுவோம். ஐஸ்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது. எனவே ஷெங்கன் விசா, 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்பீடு. இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. லண்டன் வழியாக மாறிப் போகிறவர்கள் பிரிட்டனின் விதிகளைத் தனியாகப் பார்த்துக்கொள்ளவும். இதில் நகைச்சுவைக்கு இடமில்லை.

எந்த மாதம் போவது? வடதுருவ ஒளி பார்க்க வேண்டுமென்றால் ஜூன் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். பள்ளி விடுமுறை முடிகிற சமயம், வாட்ஸ்அப் குழுவில் "பச்சை வானத்தின் கீழே சந்திப்போம்" என்று போட்டால் லைக் குவியும். ஜூன் மூன்றாம் வாரத்தில் ரெய்க்யவிக்கில் சூரியன் நள்ளிரவை ஒட்டி மறைந்து மூன்று மணிக்கெல்லாம் திரும்பி வந்துவிடுகிறது என்பதையும், இடைப்பட்ட நேரத்தில்கூட இருட்டாது என்பதையும், இருட்டாத வானத்தில் எந்த ஒளியும் தெரியாது என்பதையும் குழுவில் யாரும் கேட்கமாட்டார்கள். குழந்தைகள் இரவு ஒரு மணிக்கு "இன்னும் சாயங்காலம்தானே?" என்று கேட்பார்கள். பதில் உங்கள் பொறுப்பு.

டிசம்பரில் போனால் இருட்டுக்குக் குறைவில்லை. பதினொன்றரை மணிக்குக் கொஞ்சம் முன்னால் விடிந்து, மூன்றரைக்கு இருட்டிவிடும். அந்த நாலு மணி நேரத்துக்குள் பதினேழு கட்டங்களை முடிக்க வேண்டும். இரவு வானத்தில் ஒளி வருமா என்பதற்கு வானிலை அலுவலகம் 0 முதல் 9 வரை ஓர் எண் தரும். எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு மேகம் அன்றைக்கு வந்து உட்காரும் என்பது என் சந்தேகம். ஒளி நிஜமாகவே வந்தாலும், மங்கலான நாளில் கண்ணுக்குச் சாம்பல் பூத்த புகை மாதிரிதான் தெரியும். பக்கத்திலிருப்பவரின் கேமராவில்தான் பச்சையாக விழும். ஆகவே வானத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருங்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பெட்டி கட்டும்போது ஒரு குடை அவசியம். ஐஸ்லாந்தில் மழை மேலிருந்து பெய்யும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை; பக்கவாட்டில் வரும், கீழே பட்டு எழும்பியும் வரும். குடையை விரித்த மறுநொடி அதன் கம்பிகள் மல்லாந்து நிற்பதை உள்ளூர்க்காரர்கள் மரியாதையோடு வேடிக்கை பார்ப்பார்கள். வெளியூர்க்காரரை அவர்கள் அடையாளம் காண்பதற்கு இதைவிட வசதி கிடையாது. நனைந்தால் நாள் முழுக்கக் காயாத ஜீன்ஸ் பேண்ட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பளி உள்ளாடை, காற்று புகாத மேலங்கி, நீச்சலுடை இவற்றையெல்லாம் "அங்கே போய் வாங்கிக்கலாம்" என்று விட்டுவிடுங்கள். வாங்கலாம். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தபின் குளிர் தெரியாது.

இனி கார். வாடகைக் கவுண்டரில் இருக்கும் பெண், வேறெந்த நாட்டிலும் கேட்டிராத காப்பீடுகளை அமைதியான குரலில் அடுக்குவார். சரளைக் கல் தெறித்தால் ஒன்று. மணலும் எரிமலைச் சாம்பலும் காற்றில் வந்து பெயின்ட்டைத் தேய்த்தெடுத்தால் ஒன்று. நீங்கள் புன்னகையோடு "நான் இருபது வருஷமாக ஓட்டுகிறேன்" என்று மறுத்துவிடுங்கள். கதவைப் பற்றி அவர் சொல்வதையும் காதில் வாங்காதீர்கள். காற்றடிக்கும்போது கார்க் கதவை ஒரு கையால் சும்மா திறந்தால் அது கீல் திரும்பி முன்பக்கத் தகட்டில் போய் அறைந்துகொள்ளும். இந்த நாட்டில் வாடகைக் கார்களுக்கு வரும் வழக்கமான காயங்களில் அது ஒன்று. வழக்கமான காப்பீடு பெரும்பாலும் அதை ஏற்காது. காற்றை எதிர்நோக்கி வண்டியை நிறுத்தி, இரண்டு கையாலும் கதவைப் பிடித்து, ஒருவர் பின் ஒருவராக இறங்கலாம். கோயில் வாசலில் வேனிலிருந்து குதிப்பதுபோல் நாலு கதவையும் ஒரே நேரத்தில் திறந்து இறங்குவது நம் வழக்கம்.

வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது நினைவிருக்கட்டும். 1968 மே 26 வரை ஐஸ்லாந்தும் நம்மைப்போல இடப்பக்கம்தான் ஓட்டிக்கொண்டிருந்தது. பிந்திவிட்டோம். பகலிலும் விளக்கு எரிய வேண்டும். கோடையில் ஆடுகள் வேலியில்லாமல் மேயும். குட்டிகளையும் சேர்த்தால் அப்போது மனிதர்களைவிட அவற்றின் எண்ணிக்கை அதிகம். தாயாடு சாலைக்கு இந்தப் பக்கமும் குட்டி அந்தப் பக்கமும் நின்றால், உங்கள் வண்டி நெருங்குகிற சரியான கணத்தில் குட்டிக்குத் தாய் ஞாபகம் வரும்.

வரைபடத்தில் எஃப் என்ற எழுத்தோடு தொடங்கும் சாலைகளைக் கண்டால் விடாதீர்கள். உள்நாட்டு மேட்டுநிலத்துக்குப் போகும் மலைப்பாதைகள் அவை. ஜூன் இறுதி வாக்கில்தான் பெரும்பாலும் திறப்பார்கள், செப்டம்பரில் பனி விழத் தொடங்கினால் மூடிவிடுவார்கள், நாலு சக்கர இழுவை வண்டிக்கு மட்டுமே அனுமதி. பல இடங்களில் பாலம் கிடையாது. ஆற்றுக்குள் இறங்கித்தான் அக்கரை ஏற வேண்டும். எந்த முழுக் காப்பீடு எடுத்திருந்தாலும் ஆற்றுத் தண்ணீர் இன்ஜினுக்குள் போனால் அந்தச் செலவு முழுவதும் உங்களுடையது. சாலையை விட்டு விலகிப் பாசியின் மேல் ஏற்றி ஒரு வீடியோ எடுக்கவும் ஆசை வரும். அது சட்டப்படி குற்றம், அபராதம் கனமானது. எரிமலைக் குழம்பின் மேல் படர்ந்த அந்தப் பாசி ஒரு டயர்த் தடத்தை ஆற்றிக்கொள்ளப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தில் நான் கேலி செய்யவில்லை. அங்கே மண்ணைப் பிடித்து வைத்திருப்பதே அந்தப் பாசிதான்.

வழி தெரியாவிட்டால் ஜிபிஎஸ் இருக்கிறது. 2016-இல் ஓர் அமெரிக்கர் கெஃப்லவிக்கில் இறங்கி, ரெய்க்யவிக்கின் லோய்கவேகூர் தெருவில் இருக்கும் தன் ஹோட்டலுக்கு வழி கேட்டார். தெருப் பெயரில் கூடுதலாக ஓர் 'ர்' விழுந்துவிட்டது. கருவி அவரை வடகோடியில் இருக்கும் சிக்லுஃப்யோர்தூர் என்ற மீனவ ஊருக்குக் கூட்டிப்போனது. நாற்பத்தைந்து நிமிடத்தில் முடிய வேண்டிய பயணம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நீண்டது. பனிக்காலச் சாலையில் அவர் ஓட்டிக்கொண்டே இருந்தார். ஊரே அவரைக் கொண்டாடியது, செய்தித்தாள்களில் படம் வந்தது, ஹெர்ரிங் மீன் அருங்காட்சியகத்தையும் பார்த்தார். திட்டம் போட்டுப் போன எவருக்கும் இப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

முதல் நாள் எல்லோரும் போவது 'தங்க வட்டம்'. திங்வெட்லிர், கெய்சிர், குட்லஃபோஸ். மூன்று மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும். திங்வெட்லிரில் 930-ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றம் கூடியது. அரசர் இல்லாத நாட்டில், கூரையில்லாத பாறை வெளியில், சட்டத்தை மனப்பாடமாக ஒருவர் ஒப்பிக்க ஊர் கூடிக் கேட்டது. வட அமெரிக்கப் புவித்தட்டும் யுரேசியப் புவித்தட்டும் விலகிச் செல்லும் பள்ளத்தாக்கும் அதுதான். ஆண்டுக்குச் சுமார் இரண்டு சென்டிமீட்டர். விலகுவதைக் கண்ணால் பார்க்க நின்றால் ஷெட்யூல் கெடும். கெய்சிரில் மூல வெந்நீர் ஊற்று இப்போது பெரும்பாலும் தூங்குகிறது. ஒரு காலத்தில் சோப்பைக் கொட்டி அதை எழுப்பியிருக்கிறார்கள். பக்கத்திலிருக்கும் ஸ்ட்ரொக்கூர்தான் ஐந்து பத்து நிமிடத்துக்கொரு முறை பீறிட்டு எழுந்து பிழைப்பை நடத்துகிறது. போனை உயர்த்திப் பிடித்துக் காத்திருங்கள். கை வலித்து ஒரு நொடி இறக்கும்போது அது எழும். காற்று வீசும் திசையில் நின்றிருந்தால் குளியலும் முடிந்துவிடும்.

குட்லஃபோஸ் அருவியில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். இரண்டு படிகளாக 32 மீட்டர் விழுந்து, பூமிப் பிளவுக்குள் காணாமல் போகிற ஆறு அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதில் அணை கட்டி மின்சாரம் எடுக்க வெளிநாட்டு முதலீட்டாளர்கள் முயன்றார்கள். அருகில் பிராட்ஹோல்ட் பண்ணையில் வளர்ந்த சிக்ரீதூர் தோமாஸ்தோத்திர் என்ற பெண் எதிர்த்து வழக்காடினார். வழக்குக்காக ரெய்க்யவிக் வரை கால்நடையாகவே பலமுறை போனதாகவும், அணை வந்தால் அருவியில் குதிப்பேன் என்று மிரட்டியதாகவும் சொல்வார்கள். அவருக்காக வாதாடிய வழக்கறிஞர் ஸ்வெய்ன் பியோர்ன்சன், பின்னாளில் நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஆனார். அந்தப் பெண்ணின் முகத்தைச் செதுக்கிய கல் அருவியருகே இருக்கிறது. பெரும்பாலோர் அதைத் தாண்டித்தான் செல்ஃபி எடுக்க ஓடுகிறார்கள்.

தென்கரைக்கு ஒரு நாள். செல்யாலண்ட்ஸ்ஃபோஸ் அருவியின் பின்பக்கம் நடந்து போகலாம், ஸ்கோகாஃபோஸின் பக்கத்தில் படியேறலாம். சோல்ஹெய்மசாண்டூர் கருமணலில் 1973-இல் இறங்கிய அமெரிக்கக் கடற்படை விமானத்தின் ஓடு கிடக்கிறது. அதிலிருந்த எல்லோரும் பிழைத்தார்கள். 'தில்வாலே' படத்தின் 'கேருவா' பாட்டில் ஷாருக் கானும் காஜோலும் அங்கே ஆடிப் பாடியதிலிருந்து இந்தியர்கள் எல்லோரும் அதே போஸில் நிற்கிறார்கள். காஜோலைப்போல மெல்லிய உடையில் போய்ப் பாருங்கள். காரை நெடுஞ்சாலையிலேயே விட்டுவிட்டு, போக வர ஏழெட்டு கிலோமீட்டர் மரமே இல்லாத மணலில் நடக்க வேண்டும் என்பது பாட்டில் வராது.

ரெய்னிஸ்ஃப்யாரா கடற்கரையில் கிண்டலை நிறுத்திவிடுகிறேன். ஆறேழு அலைகள் அடக்கமாக வந்து போகும். அடுத்தது எதிர்பாராத தூரம் ஏறி வந்து ஆளைச் சுருட்டும். உயிர்கள் போயிருக்கின்றன. கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள், எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்தால் மேட்டிலேயே நில்லுங்கள், குழந்தையின் கையை விடாதீர்கள்.

யோகுல்சார்லோன் ஏரியிலிருந்து பனிப்பாறைகள் கடலுக்கு மிதந்து வந்து கடற்கரையின் கருமணலில் ஒதுங்கும். அதில் ஒன்று சிம்மாசனம் மாதிரியே இருக்கும். ஏறி உட்கார்ந்து ராணிபோல் கைகாட்டுங்கள். 2019-இல் ஒரு பாட்டி அப்படித்தான் உட்கார்ந்தார். அலை வந்து சிம்மாசனத்தோடு சேர்த்து அவரைக் கடலுக்குக் கொண்டுபோனது. மீட்டுக் கரைசேர்த்தார்கள், படம் உலகமெல்லாம் சுற்றியது.

இப்படி மாட்டிக்கொள்கிறவர்களைக் காப்பாற்ற வருகிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். தச்சர், ஆசிரியர், மீனவர் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் புயலுக்குள் வருவார்கள். அந்த மீட்புப் படைகளுக்கு முக்கியமான வருமானம் புத்தாண்டுக்குப் பட்டாசு விற்பதில் கிடைக்கிறது. 2012-இல் எல்ட்கியா பள்ளத்தாக்கில் சுற்றுலாப் பேருந்து ஒன்றில் ஒரு பெண்ணைக் காணவில்லை என்று தேடுதல் தொடங்கியது. இறங்கின இடத்தில் அவர் உடையை மாற்றிக்கொண்டு வந்து மறுபடி ஏறியிருந்தார். சக பயணிகளுக்கு அடையாளம் தெரியவில்லை. காணாமல்போனவரின் வர்ணனையைக் கேட்ட அவருக்கும் அது தன்னைப்போல் தோன்றவில்லை. ராத்திரி முழுக்க, மற்றவர்களோடு சேர்ந்து தன்னையே தேடினார். விடிகாலை மூன்று மணி வாக்கில்தான் விஷயம் புரிந்தது.

இரவு ஹோட்டலில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். ரிசப்ஷனுக்கு போன் செய்யாதீர்கள். பூமியிலிருந்து நேராக வருகிற கந்தக வாசனை அது. தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வருவது உலகத்தின் சிறந்த குடிநீர்களில் ஒன்று. அதனால் கடையில் பாட்டில் தண்ணீர் வாங்குவதே சம்பிரதாயம்.

நீச்சல்குளத்துக்குப் போகாமல் ஐஸ்லாந்துக்காரர்களைப் பார்க்க முடியாது. அவர்கள் அரசியல் பேசுவதும் ஊர்வம்பு பேசுவதும் நாற்பது டிகிரி வெந்நீர்த் தொட்டிக்குள் கழுத்தளவு உட்கார்ந்துதான். உள்ளே போக ஒரு நிபந்தனை: பொதுக் குளியலறையில், ஒட்டுத்துணி இல்லாமல், சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். எந்தெந்த இடத்தில் தேய்க்க வேண்டும் என்று சிவப்பாகக் குறித்த மனித உருவப்படம் சுவரில் இருக்கும். தண்ணீரில் குளோரின் குறைவாகப் போடுகிறார்கள், அதனால் இந்தக் கண்டிப்பு. நம்மவர்கள் நீச்சலுடையோடு ஷவருக்கு அடியில் நின்று மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டு நழுவப் பார்ப்பார்கள். மேற்பார்வையாளர் திருப்பி அனுப்புவார். பக்கத்து ஷவரில் நிற்கும் எழுபது வயதுப் பெரியவர் உங்களைக் கண்டுகொள்ளவே மாட்டார் என்பதுதான் ஆறுதல்.

அதற்கு மாற்றாகப் பலரும் போவது புளூ லகூன். இயற்கை அதிசயம் என்று நினைத்துக்கொண்டே இறங்குங்கள். ஸ்வார்ட்செங்கி புவிவெப்ப மின்நிலையம் வெளியேற்றிய நீர் எரிமலைப் பாறையில் தேங்கியதுதான் அந்த நீலம். தண்ணீரிலுள்ள சிலிக்கா தலைமுடியைத் துடைப்பக் கட்டையாக்கிவிடும். 2023 நவம்பரில் எரிமலை வெடிக்கும் என்ற அச்சத்தில் பக்கத்து ஊரான கிரிண்டவீக் முழுவதும் காலிசெய்யப்பட்டது. வீட்டை விட்டு வந்தவர்களுக்கு அது சுற்றுலாக் காட்சி அல்ல. அதன்பின் வெடிப்புகள் தொடர்ந்தன. ஒரு வருஷம் கழித்து எரிமலைக் குழம்பு லகூனின் கார் நிறுத்துமிடத்தையே மூடியது. போகும் நாள் காலையில் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.

சாப்பாடு. ரெய்க்யவிக் துறைமுகத்துக்கு அருகே 1937 முதல் இருக்கும் ஹாட்டாக் கடையில் 2004-இல் கிளின்டன் சாப்பிட்டார். அந்தத் தொத்திறைச்சியில் ஆடு, பன்றி, மாடு மூன்றும் உண்டு என்பதைக் கேட்டுக்கொண்டு வரிசையில் நிற்கவும். பதப்படுத்திய சுறாவை ஒரு துண்டு வாயில் போட்டால் அமோனியா மூக்கு வழியாக வெளியேறும். சைவர்களுக்கு ஃப்ரித்ஹெய்மர் பண்ணையில், வெளியே பனி கொட்டும்போது கண்ணாடி வீட்டுக்குள் விளைந்த தக்காளியில் சூப். மற்றபடி பன்றி பொம்மை போட்ட போனஸ் கடையில் ஸ்கிர் வாங்குங்கள். கெட்டித் தயிர்தான். மைக்ரோவேவ் சாதத்தில் பிசைந்து உப்புப் போட்டால் பயணத்தின் மிகச் சிறந்த உணவு அதுவாக இருக்கும்.

செஸ் தெரிந்த வீட்டுக்கு ஓர் உபரித் தகவல். 1972-இல் ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் மோதியது ரெய்க்யவிக்கில். ஃபிஷர் கடைசிக் காலத்தை அங்கேயே கழித்து 2008-இல் இறந்தார். நம் விஸ்வநாதன் ஆனந்த் 2006-இல் அவரை அங்கே சந்தித்திருக்கிறார். செல்ஃபோஸ் ஊரை ஒட்டிய லோய்கார்டைலிர் தேவாலயத்தில் ஃபிஷரின் கல்லறை. ஒன்றாம் எண் சாலையிலிருந்து கூப்பிடு தூரம். அருவிகளுக்காக விரைகிறவர்கள் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் பதினேழு கட்டங்களில் பதிமூன்றை அழித்துவிட்டு, தென்கரையில் ஒரே ஊரில் மூன்று இரவு தங்கி, காற்று நிற்கிறபோது வெளியே போய்விட்டு வரலாம். யாரும் கேட்பதில்லை.

கொசுவத்தி வேண்டாம். உலகத்தில் கொசுவே இல்லாத நாடு என்று ஐஸ்லாந்து நெடுங்காலம் பெருமைப்பட்டது. 2025 அக்டோபரில் மூன்று கொசுக்களைக் கண்டுபிடித்தார்கள். அது தேசியச் செய்தியானது.

ஊருக்குக் கொண்டுவர, கம்பளி ஸ்வெட்டர் வாங்கினால் எங்கே பின்னியது என்று சீட்டைப் பாருங்கள்; ஐஸ்லாந்துக் கம்பளியைச் சீனாவில் பின்னி விற்பதும் உண்டு. அலுவலக நண்பர்களுக்கு அந்த ஊர்க் கறுப்பு மிட்டாய் போதும். அதிமதுரச் சாற்றோடு நவச்சாரம் கலந்தது, பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் போடுவாரே, அதே நவச்சாரம். ஐஸ்லாந்துக் குழந்தைகள் அதற்காக அழுது அடம்பிடிப்பார்கள். ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, முகங்களைக் கவனியுங்கள். அடுத்த பயணத்தின்போது உங்களிடம் யாரும் எதுவும் வாங்கி வரச் சொல்லமாட்டார்கள்.